அடித்தவருக்கு என்ன ஆச்சு?

2024 நவம்பர் 13. சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. புற்றுநோய் மருத்துவர் பாலாஜியை அவருடைய அறையிலேயே கத்தியால் குத்தினார் ஓர் இளைஞர். அவருடைய அம்மாவுக்குப் புற்றுநோய். சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்ற ஆத்திரம். நல்லவேளை, டாக்டர் பிழைத்துக்கொண்டார்.

மருத்துவமனை வன்முறைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்தாச்சு. வந்த பிறகுதான், 2012 ஜனவரியில், தூத்துக்குடி டாக்டர் சேதுலட்சுமி வெட்டிக் கொல்லப்பட்டார். சட்டம் வேண்டும், காவல் வேண்டும், கத்தி எடுத்தவனுக்குத் தண்டனையும் வேண்டும். அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால், சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா மனுஷன் கையை ஓங்குகிறான்?

வேறொரு வழி சொல்கிறார்கள். மனக்காயம் அறிந்த சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். கத்துகிற ஆளைப் பார்த்து 'உனக்கு என்ன கொழுப்பு?' என்று கேட்காதே, 'உனக்கு என்ன ஆச்சு?' என்று கேள். சாராம்சம் இவ்வளவுதான். அமெரிக்க அரசின் மனநல அமைப்பு ஒன்று 2014-ல் இதை வழிகாட்டியாகவே வெளியிட்டது.

உடனே உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. அடி வாங்கியது நர்ஸம்மா. அவரிடம் போய், 'அடித்தவருக்கு என்ன ஆச்சுன்னு கொஞ்சம் யோசிங்க' என்றால் அக்கிரமம் இல்லையா?

பொறுங்கள். எங்கள் திருப்பூருக்கு வாருங்கள். ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்து வந்து, பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர். ஒன்றரை ஷிப்ட் முடித்து ரூமுக்கு வந்தால், மனைவிக்கு விடாத வயிற்றுவலி. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு ஓடி வருகிறார். சிஸ்டர் தமிழில் ஏதோ சொல்கிறார். 'உட்காரு' என்ற கை ஜாடை மட்டும் புரிகிறது. அரை மணி. முக்கால் மணி. இவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேரை உள்ளே கூட்டிப் போகிறார்கள். ஒருவர் விபத்து, இன்னொருவருக்கு நெஞ்சுவலி. உயிருக்கு ஆபத்தான கேஸை முதலில் பார்ப்பதுதான் எமர்ஜென்சியின் கணக்கு. இவருக்குத் தெரிந்த கணக்கோ வரிசை. 'இந்திக்காரன் என்றுதானே ஒதுக்குகிறார்கள்' என்று நினைக்கிறார். (ஒடியா பேசுகிறவரும் நமக்கு இந்திக்காரர்தானே!) 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது, பயந்து மூட்டை கட்டியவர்களில் இவரும் ஒருவராக இருந்திருக்கலாம். எழுந்து போய்க் கேட்கிறார். குரல் உயர்கிறது. செக்யூரிட்டி சட்டையைப் பிடிக்கிறார். அப்புறம் நடப்பதைத்தான் நாம் பேப்பரில் படிக்கிறோம்.

அவர் கை ஓங்கியது தப்பு. தப்பேதான். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் யாருடைய கையில் இருந்தது?

இங்கிலாந்தில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். டிசைன் கவுன்சில் என்ற அமைப்பின் முயற்சியில், இரண்டு மருத்துவமனைகளின் எமர்ஜென்சியில் பலகைகள் வைத்தார்கள். நீங்கள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், அடுத்து என்ன, ஏன் காத்திருக்கிறீர்கள் என்று சொல்லும் பலகைகள். 2013-ல் கணக்குப் பார்த்தால், முறைப்பதும் மிரட்டுவதும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஒரு பவுண்டு செலவுக்கு மூன்று பவுண்டு லாபமாம். பி.காம். படித்த புத்தி, எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது!

ஆக, 'என்ன ஆச்சு?' என்ற கேள்வியை அடி விழுந்த பிறகு நர்ஸம்மா கேட்க வேண்டியதில்லை. அடி விழுவதற்கு முன்னால் நிர்வாகம் கேட்க வேண்டும். காரணத்தைப் புரிந்துகொள்வது மன்னிப்பாகிவிடாது. தீ எப்படிப் பிடித்தது என்று பார்ப்பவரைத் தீயின் கட்சி என்றா சொல்வோம்?

இன்னொன்று. பனியன் கம்பெனியில் ஒரு பீஸ் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங் என்று எத்தனை கை மாறுகிறது! சாயம் போனதற்குச் செக்கிங் பெண்ணைக் கன்னத்தில் அறைந்தால் சும்மா இருப்போமா? ஆஸ்பத்திரியில் அதுதான் நடக்கிறது. ஆள் பற்றாக்குறை, படுக்கைப் பற்றாக்குறை எல்லாவற்றுக்குமான அடியும் கடைசியாக நிற்கிறவர் மேல் விழுகிறது. வாங்கிக்கொண்டு, முகத்தைக் கழுவிவிட்டு, அவர் அடுத்த பெட்டுக்குப் போயாக வேண்டும். அந்த அமெரிக்க வழிகாட்டி நோயாளி, குடும்பம் இவர்களோடு ஊழியரின் காயத்தையும் சேர்த்தே பேசுகிறது. 'சிஸ்டர், உங்களுக்கு என்ன ஆச்சு?' என்று இங்கே யார் கேட்கிறார்கள்?

அடுத்த முறை எமர்ஜென்சி பக்கம் போக நேர்ந்தால், சுவரைக் கொஞ்சம் பாருங்கள். 'அமைதி காக்கவும்' இருக்கும். மருத்துவரைத் தாக்கினால் என்ன தண்டனை என்றும் இருக்கலாம். யாரை முதலில் பார்ப்பார்கள், ஏன் என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால், எந்தெந்த மொழியில்?