உப்பிட்டவர் யார்?

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஒருவர் கையால் உண்டவன் அவருக்குக் கடமைப்பட்டவன் என்னும் அறக்கருத்து இதில் அடங்கியுள்ளது. ஆயின் இப்பழமொழி நடைமுறையில் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று சற்றே சிந்தித்தல் வேண்டும். நிலவுடைமையாளன் வீட்டு முற்றத்திலே கூழ் வாங்கிக் குடித்த கூலியாளே 'உப்புத் தின்றவன்' எனப்பட்டான். நன்றி பாராட்ட வேண்டியவன் அவனே என்றும் விதிக்கப்பட்டது. அந்தக் கூழுக்குரிய தானியத்தை விளைவித்தவனும் அவனே என்பதை எவரும் நினைவுகூரவில்லை. உப்பிட்டவர் யார் என்ற கேள்வியே தலைகீழாக நிறுத்தப்பட்டிருந்தது எனலாம்.

இன்று முற்றத்தின் இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. உணவகத்திற்குச் செல்கிறோம், உண்கிறோம், கேட்ட காசைக் கொடுத்துவிட்டு எழுகிறோம். சமைத்தவனிடம் நமக்கு வேறு கடன் ஏதும் உண்டா? 'விலை கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது' என்பது சந்தை தரும் விடை. நன்றிக் கடன் என்னும் விலங்கிலிருந்து மனிதனை விடுவித்தமையால் இவ்விடையில் ஒரு முற்போக்கான அம்சமும் உண்டு. ஆனால் அது முழுமையான விடைதானா?

இக்கேள்வியை வெறும் தத்துவமாக வைத்து ஆராய்வதிற் பயனில்லை. ஆகவே தெளிவான ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் தென் கலிபோர்ணியாவிலுள்ள புறநகர்களின் மெக்சிக்கோ உணவகங்களே அவ்வெடுத்துக்காட்டு. ஒரு மக்களின் உணவு அளவு கடந்து விரும்பப்படுவதும், அதே மக்கள் வேண்டாதவராக நடத்தப்படுவதும் ஒரே தெருவில் நிகழ்வதை அங்கே காணலாம்.

அந்நாட்டு உணவகங்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்று மெக்சிக்கோ உணவு வழங்குவது. வாகனத் தரிப்பிடத்தை அடுத்த ஒரு தாழ்ந்த கட்டிடம். உட்கார்ந்தவுடன், கேளாமலே, பொரித்த சோள ரொட்டித் துண்டுகளும் மிளகாய்ச் சாறும் மேசைக்கு வருகின்றன. பின்னர் சோறும் மசித்த அவரை விதையும் நிறைந்த பெரிய தட்டு. சோளமாவிலே தட்டிச் சுடும் மெல்லிய ரொட்டிக்குத் 'தோர்த்தியா' என்று பெயர். அதை மடித்து இறைச்சியும் இலைக்கறியும் உள்ளே வைத்தால் அது 'டாக்கோ'. வார இறுதியில் குடும்பம் குடும்பமாக வந்து உண்பவர்களுக்கு இவ்வுணவு அந்நியமானதன்று. தம் ஊர் உணவென்றே அவர்கள் கருதுகின்றனர்.

பிறர் உணவை உண்பதும், அதைப் பார்த்துச் சமைக்கப் பழகுவதும் குற்றமென்று சிலர் இன்று வாதிக்கின்றனர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. உணவுக்கு வேலியிட்டவர் எவருமில்லை. நமது குசினியையே பார்ப்போம். மிளகாயின் தாயகம் மெக்சிக்கோவை உள்ளடக்கிய அமெரிக்கக் கண்டமே. 16ஆம் நூற்றாண்டிற்கு முன் நம்மவர் அதை அறிந்ததில்லை. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதாலேயே 'மிளகாய்' என்று பெயரிட்டனர். இன்று மிளகாயில்லாத யாழ்ப்பாணத்துக் கறியைக் கற்பனை செய்ய முடியுமா? அதைத் திருட்டு என்று கூறுவார் உண்டா? பண்பாடுகள் கொண்டும் கொடுத்துமே வளர்ந்திருக்கின்றன.

ஆயினும் கொள்வதிலும் ஒரு முறை உண்டு. மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் அவித்து, கழுவி, அரைத்தே ரொட்டி செய்தனர். அவ்வாறு செய்வதால் சோளத்திலே கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்து உடலுக்குக் கிடைக்கிறது. சோளத்தைக் கடல் கடந்து கொண்டுசென்ற ஐரோப்பியர் தானியத்தை எடுத்துக்கொண்டனர். அதைப் பக்குவஞ் செய்த மக்களின் அறிவைப் பொருட்படுத்தவில்லை. விளைவு யாது? சோளத்தையே பிரதான உணவாகக் கொண்ட ஸ்பெயின், வட இத்தாலி ஆகிய இடங்களின் ஏழைகளிடையே 18ஆம் நூற்றாண்டிலே 'பெலாக்ரா' என்னும் கொடிய நோய் தோன்றிற்று. தோல் வெடித்து, மனம் பேதலித்து மக்கள் இறந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களையும் அந்நோய் வாட்டியது. நயாசின் குறைவே அதற்குக் காரணம் என்பது 1937ஆம் ஆண்டை அண்டியே தெளிவாயிற்று. பொருளை எடுத்துக்கொண்டு, அதை ஆக்கிய மனிதரை ஒதுக்கியமைக்குக் கிடைத்த தண்டனையை, எடுத்துவந்தவர்கள் அனுபவிக்கவில்லை, ஏழைகளே அனுபவித்தனர்.

அதே 1937ஆம் ஆண்டில், லொஸ் ஏஞ்சலிசுக்குக் கிழக்கேயுள்ள சான் பெர்ணார்டினோ நகரில், மெக்சிக்கர் வாழ்ந்த மேற்குப் பகுதியிலே, லூசியா ரொட்றிகெஸ் என்னும் பெண்மணி 'மித்லா கபே' என்ற உணவகத்தைத் தொடங்கினார். அது ஒரு கொடுமையான காலம். பொருளாதார நெருக்கடியைக் காரணங்காட்டி, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் உட்பட இலட்சக்கணக்கான மெக்சிக்க வம்சாவளியினர் அப்பத்தாண்டிலே எல்லைக்கப்பால் அனுப்பப்பட்டிருந்தனர். கலிபோர்ணியா 1848 வரை மெக்சிக்கோவின் பகுதியாகவே இருந்தது என்பதை எண்ணும்போது 'வந்தேறிகள்' என்ற சொல்லின் பொருந்தாமை விளங்கும்.

அந்நகரின் பொது நீச்சற்குளத்தில் மெக்சிக்கருக்கு இடமளிக்கப்படவில்லை. இதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. 1944இல் நீதிமன்றம் இவ்வொதுக்கல் சட்டவிரோதமெனத் தீர்த்தது. அப்போராட்டத்தை நடத்தியவர்கள் கூடிப் பேசிய இடங்களுள் மித்லா உணவகமும் ஒன்று. அதற்கு முந்திய ஆண்டிலே, புலர்டன் நகரில் ஒரு மெக்சிக்க அமெரிக்கக் குடும்பம் தான் வாங்கிய வீட்டில் வாழும் உரிமைக்காக வழக்காட வேண்டியிருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் நகரிலும் அயலூர்களிலும் மெக்சிக்கப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கியதற்கு எதிரான வழக்கு 1947இலேதான் இறுதி வெற்றி கண்டது. குளத்திற்கு ஒரு வழக்கு; வீட்டிற்கு ஒரு வழக்கு; பள்ளிக்கூடத்திற்கு ஒரு வழக்கு. டாக்கோவோ எந்த நீதிமன்றத்தின் கட்டளையுமின்றி எல்லா வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது!

அது நுழைந்த கதையும் அறியத்தக்கது. மித்லா உணவகத்திற்கு எதிரே கிளென் பெல் என்பவர் ஒரு சிறு கடை வைத்து ஹம்பேர்கர் முதலியன விற்றுவந்தார். தெருவைக் கடந்து வந்து மித்லாவில் டாக்கோ உண்டார். அதைச் செய்யும் வகையை அறிந்துகொண்டு தாமும் செய்து விற்றார். 1962இல் லொஸ் ஏஞ்சலிசின் புறநகராகிய டவுனியில் 'டாக்கோ பெல்' என்ற கடையைத் திறந்தார். 1978இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட கிளைகளோடு அந்நிறுவனம் பெப்சிக்கோவின் கைக்கு மாறியது. மித்லா உணவகமோ இன்றும் அதே தெருவில், ஒரே கடையாக, அக்குடும்பத்தவரால் நடத்தப்பட்டு வருகிறது.

இங்கே பெல் என்னும் தனிமனிதரை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. சமையல் முறை எவருக்கும் தனிச் சொத்தன்று. லூசியா அம்மையாரும் அதைத் தம் முன்னோரிடமிருந்தே பெற்றார். கவனிக்க வேண்டியது வேறொன்று. தெருவைக் கடந்து சென்று அயலாரின் மேசையில் அமர்வது ஒரு பக்கத்தாருக்கு மிக எளிதாயிருந்தது. மறுபக்கத்தார் தெருவைக் கடந்து சென்றால் குளம் மூடியிருந்தது. வீட்டுக் கதவு மூடியிருந்தது. கைத்திறன் இருபக்கத்தாரிடமும் இருந்தது. அதைச் செல்வமாக மாற்றும் வாய்ப்போ ஒரு பக்கத்திலேயே குவிந்திருந்தது.

நாவுக்கு இருக்கும் தாராளம் மனத்துக்கும் சட்டத்துக்கும் தானாகவே வந்துவிடுவதில்லை. 2018 யூனில், எல்லையிலே பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கும் கொள்கை நடைமுறையிலிருந்தபோது, அதற்குப் பொறுப்பான உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர் வாஷிங்டனிலுள்ள ஒரு மெக்சிக்கோ உணவகத்துக்கு இரவுணவு உண்ணச் சென்றார். எதிர்ப்பாளர்கள் அங்கேயே கூடிக் குரலெழுப்பினர். 2025 யூனில் லொஸ் ஏஞ்சலிஸ் பெருநகர்ப் பகுதியில் குடிவரவு அதிகாரிகள் பரவலாகக் கைதுகளை மேற்கொண்டனர். எதிர்ப்பு எழுந்ததும் தேசியக் காவற்படை அனுப்பப்பட்டது. பிறர் உணவை உண்டால் அவர்மீது அன்பு பிறக்கும் என்று எளிதாக நம்புவோர் இந்நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நமது சமுதாயம் இதே நோயை வேறொரு வடிவத்தில் அறிந்துள்ளது. ஒடுக்கப்பட்ட மக்களின் கையால் உண்ணமாட்டோம் என்பது இங்கிருந்த கொடுமை. தேநீர்க் கடையிலே அவர்களுக்குத் தகரப் பேணியும் போத்தலும் தனியே வைக்கப்பட்டன; 1960களின் பிற்பகுதியில் வடபகுதி மக்கள் அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. கையால் உண்ண மறுப்பது ஒன்று. கையால் உண்டுவிட்டு அக்கைக்குரியவனை மறுப்பது மற்றொன்று. இரண்டாவது நாகரிகமாகத் தோன்றலாம். ஆயின் அக்கைக்குரியவனை மனிதனாகக் காண மறுப்பது இரண்டிற்கும் பொதுவன்றோ?

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். விலை கொடுத்தால் கணக்குத் தீருமா? விற்பவனும் வாங்குபவனும் சமமானவர்களாக, 'மாட்டேன்' என்று மறுக்கும் உரிமை இருவருக்கும் உள்ளவர்களாக இருக்குமிடத்துத் தீரும். ஆனால் கூலி குறைந்தாலும், வேலை நேரம் நீண்டாலும், முறையிட்டால் நாடு கடத்தப்படுவோம் என்று அஞ்சி வாய் மூடியிருக்கும் தொழிலாளிக்கு அவ்வுரிமை எங்கே? அவனது அச்சமும் அவ்வுணவின் மலிவுக்கு ஒரு காரணமாகிறது. அந்த மலிவின் ஒரு பங்கு உண்பவனின் சட்டைப்பைக்குத் திரும்பிச் செல்கிறது. அவன் அறிந்து எடுத்ததன்று. ஆயினும் எடுத்தது எடுத்ததே. தீராத கடன் அதுவே. அதை நன்றியுரையாலோ, மேசைமேல் வைக்கும் சில்லறையாலோ தீர்க்க இயலாது. நன்றி மேலிருந்து கீழ் நோக்கியும் செல்லலாம். நீதிக்குச் சமதளம் வேண்டும்.

அவ்வாறாயின் உண்பவன் என்ன செய்யலாம்? உண்ணாமலே விட்டுவிடுவதா? அதனால் அயலிலுள்ள சிறு கடைக்காரனின் அடுப்பே முதலில் அணையும். ஒவ்வொரு கவளத்தின் வரலாற்றையும் விசாரித்த பின்பே உண்பதும் இயலாத காரியம். இக்கேள்விக்கு அமெரிக்கத் தொழிலாளரும் மாணவருமே விடை கண்டனர்.

புளோரிடா மாநிலத்திலே இம்மொக்கலி என்னும் ஊர் உண்டு. அங்கே தக்காளி பறிப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஹெயிற்றி ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். 32 இறாத்தல் கொண்ட ஒரு வாளியை நிரப்பினால் ஏறக்குறைய 40 முதல் 45 சதம் வரையே அன்று கூலியாகக் கிடைத்தது. டாக்கோவிற்குள் வைக்கப்படும் தக்காளியைப் பறிப்பவர்கள் தாமே என்பதை அவர்கள் உணர்ந்தனர். 2001இல் டாக்கோ பெல் நிறுவனத்தைப் பகிஷ்கரிக்குமாறு நாடெங்கும் அறைகூவல் விடுத்தனர். அவர்களது கோரிக்கை மிகச் சிறியது: இறாத்தலுக்கு ஒரு சதம் கூடுதலாகத் தரவேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் இப்போராட்டத்தைத் தமதாக்கிக்கொண்டனர். தமது வளாகங்களிலிருந்து அந்நிறுவனத்தின் கடைகளை அகற்றுமாறு போராடினர். பல இடங்களில் வெற்றியும் பெற்றனர். 2003இல், இர்வைன் என்னும் புறநகரிலுள்ள தலைமையகத்தின் முன்னே, தொழிலாளரும் மாணவரும் உண்ணாநோன்பிருந்தனர். உலகுக்கு உணவளிப்பவர்கள் உணவு விற்கும் நிறுவனத்தின் வாயிலிலே பட்டினி கிடந்தனர்! 2005 மார்ச்சில் நிறுவனம் இணங்கியது. ஒரு சதம் கிடைத்தது.

ஒரு சதம் அற்பமானதுதான். அதனால் சுரண்டல் ஒழிந்துவிடவில்லை. ஒழியும் என்று அத்தொழிலாளர் நம்பியதுமில்லை. ஆனால் உண்பவனுக்கும் விளைவிப்பவனுக்கும் இடையே சந்தை எழுப்பியிருந்த மதிலிலே அந்த ஒரு சதம் ஒரு துவாரத்தை ஏற்படுத்தியது. அம்மாணவர்கள் தொழிலாளருக்கு இரக்கங்காட்டவில்லை. தாம் அறியாமற் பெற்றுவந்ததைத் திருப்பிக் கொடுக்குமாறு தொழிலாளரோடு ஒரே வரிசையில் நின்று கேட்டனர். தனியொருவன் தன் மேசையிலிருந்து தீர்க்க முடியாத கடனைப் பலர் சேர்ந்து தெருவிலே தீர்க்கத் தொடங்கலாம் என்பதை அவர்கள் காட்டினர்.

டவுனியில் 1962இல் எழுப்பப்பட்ட அந்த முதற் கடையின் கட்டிடம் 2015இல் பெயர்த்தெடுக்கப்பட்டு, இர்வைன் தலைமையகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. கற்களை நினைவுச் சின்னமாகப் பேணும் ஏற்பாடு அங்கே உண்டு. அதே நகரிலே பட்டினி கிடந்தவர்களை நினைவிற் கொள்வது நமது பொறுப்பு.

ஆகவே பழமொழியை நாம் கைவிட வேண்டியதில்லை. அதன் பொருளை நேராக நிறுத்தினாற் போதும். உப்பிட்டவர் முற்றத்தில் நின்று கூழ் வார்த்தவரல்லர். கடையின் பெயர்ப் பலகைக்கு உரியவருமல்லர். சோளத்தைப் பக்குவஞ் செய்யக் கண்டறிந்த மக்களும், தக்காளி பறித்தவரும், குசினியின் வெப்பத்திலே நின்றவருமே உப்பிட்டவர். அவர்களை நினைப்பதென்பது வாழ்த்திப் பாடுவதன்று. அவர்கள் நம்மோடு ஒரே மேசையில், அச்சமின்றி அமரும் உரிமையைப் பெறும்வரை நம் கணக்குத் தீரவில்லை என்பதை மறவாதிருத்தலும், அதற்கேற்பச் செயற்படுதலுமே ஆகும்.