மலையை வென்றவர் யார்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஆகாய கங்கை வரை இறங்கி ஏறிவரும் நம் இளைஞர்கள், மலையை வென்றுவிட்டதாகக் கூறுகின்றனர். அவர்தம் உவகையை நாம் குறை சொல்லோம். பூமியில் சுற்றி வந்து பார்க்குமாறு பணிப்பது திருமறையே. ஆயின், செருக்கோடு நடக்கலாகாது, உயரத்தில் மனிதன் மலைகளை எட்டமாட்டான் என்று உணர்த்துவதும் (17:37) அதுவேயன்றோ!

அம்மலைப் பாதைகள் எவருடையவை? சாலை அமையுமுன், விளைபொருளைத் தலையில் சுமந்து சமவெளிச் சந்தைகளுக்கு இறங்கிய மலைவாழ் மக்களின் பாதங்கள் வகுத்தவை. வென்றோம் என்று அவர்கள் சொல்ல நாம் கேட்டதில்லை.

பாலைவழியும் இத்தகையதே. 1352-இல் சகாராவைக் கடந்த இப்னு பதூதா, தம் வழிகாட்டிக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை, மற்றதும் நோயுற்றது, எனினும் அவரளவு வழியறிந்தவர் எவருமிலர் என்று வியந்து எழுதிச் சென்றார்.