காவலைத் தளர்த்தலும் காவலாய் நிற்றலும்

வீட்டைக் காக்க வைத்த காவலாளன் வீட்டுக்காரனையே கள்வனென மயங்கி அடிப்பானாயின், அவன் செய்யத்தக்கது யாது? காவலை முற்றாய் விலக்கின் மெய்க்கள்வர் புகுவர்; விலக்காதிருப்பின் அடி ஓயாது. முடக்குவாதம் என்னும் மூட்டுநோயில் நிகழ்வது இதுவே. நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடம்பின் காவற்படை, அவ்வுடம்பின் மூட்டுக்களையே பகையென எண்ணித் தாக்குகின்றது. ஆறு ஆண்டுகளாக யான் இந்நோயுடையேன். காலையில் என் விரல்கள் வெண்கட்டியைப் பற்றமாட்டா. அக்காவலைத் தளர்த்தும் மருந்தை நாளத்தினூடாக ஏற்றிக்கொள்ளுமாறு வைத்தியர் இப்பொழுது கூறியுள்ளார்.

இம்மருந்தின் வரலாறு ஆராயத்தக்கது. 1992ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் ரவீந்தர் மைனி, மார்க் பெல்ட்மன் என்னும் அறிஞர் இருவர், மூட்டழற்சியைத் தூண்டுவது டி.என்.எவ். என்னும் பொருளெனக் கொண்டு, அதனைத் தடுக்கும் மருந்தை நோயாளருக்கு ஏற்றிப் பயன் கண்டனர். இன்பிளிக்சிமாப் எனப் பெயர்பெற்ற அம்மருந்து 1999இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றது. ஆயின் 2001இல், அதனை ஏற்றிக்கொண்டோருள் 70 பேருக்குக் கசரோகம் தோன்றியமை வெளியாயிற்று. என்னை? மூட்டை வருத்திய அப்பொருளே, சுவாசப்பையினுள் உறங்கிக் கிடந்த கசக் கிருமிகளைச் சிறையிட்டுக் காத்தும் வந்தது. பகையென நீக்கியது காவலுமாயிருந்தது.

ஆதலின் இன்று மருந்துக்கு முன்னே ஆயத்தம் வேண்டப்படுகின்றது. மறைந்த கசம் உண்டோவெனத் தோலிலோ இரத்தத்திலோ சோதித்து, நெஞ்சினையும் படம் பிடிப்பர்; உண்டாயின் முதலில் அதற்கு மருந்து கொடுப்பர். ஈரலழற்சி பி உண்டோவென நோக்குவர். வேண்டிய தடுப்பூசிகளை இடுவர். சின்னமுத்து, கொப்புளிப்பான் ஆகியவற்றின் ஊசிகள் உயிருள்ள கிருமியைத் தளர்த்திச் செய்யப்பட்டன. ஆதலின் அவற்றை மருந்தேற்றத் தொடங்கியபின் இடுதல் தகாது. பின்னரே முதல் நாளும், இரண்டாம் வாரமும், ஆறாம் வாரமும், அதன்பின் 8 வாரத்துக்கு ஒருமுறையும், ஏறக்குறைய இரண்டு மணிநேரம் மருந்து ஏற்றப்படும். அந்நாளிற் காய்ச்சல் முதலிய தொற்று உண்டாயின் ஒத்திவைப்பர்.

இத்துணை ஆயத்தமும் அச்சத்தின் பாற்பட்டதன்றோ என்பார் உளர். அன்று. அஞ்சுவோன் தான் அஞ்சும் பொருளை நோக்கான், சோதனைக்கும் உடன்படான். ஆயத்தஞ் செய்வோனோ தன் குறையை எண்ணி அறிந்தபின் அதனை நோக்கி நடக்கின்றான். மாரிக்கு முன் வரம்பு கட்டும் கமக்காரனை மழைக்கு அஞ்சினான் என்று எவருஞ் சொல்லார். இனி, இயற்கை தந்த காவலைக் குறைத்தல் முறையோ எனின், காவல் வீட்டின் பொருட்டேயன்றி வீடு காவலின் பொருட்டன்று என்பதே விடை.

இவ்விரண்டினும் கடினமான வினா ஒன்றுண்டு. யான் என்செய்யினும் என் ஆயத்தம் முடிவுறாது. அதன் எச்சம் பிறர் கையில் இருக்கின்றது. என் வகுப்பில் 40 பிள்ளைகள் உளர். அவருள் ஒருவர் நோயோடு வந்திருப்பின் என் சோதனைகள் யாவும் என்ன பயன் தரும்? ஆயின் என் நலத்துக்காகப் பிறரைக் கட்டுப்படுத்தக் கேட்டல் தகுமோ? பொறுத்துக்கொள்ளென்று பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டு போதித்தவன் யான். நாணத்தால் நோயை மறைத்துவிடவே முதலில் எண்ணினேன்.

அப்பொழுது சென்ற ஆண்டு நிகழ்ந்ததொன்று நினைவுக்கு வந்தது. ஒருநாளுந் தவறாது வரும் பிள்ளைக்குப் பரிசளிக்கும் வழக்கம் எம் பாடசாலையில் உண்டு. அதனை நடத்துபவன் யானே. மாணவன் ஒருவன் காய்ச்சலோடு வந்தான். பரிசின் பொருட்டே வந்தானென அறிந்தும், அவனை எல்லார் முன்னிலையிலும் புகழ்ந்தேன். மறுநாள் அவனுக்குக் கொப்புளிப்பான் கண்டது. இரண்டு வாரத்தின் பின் அவ்வகுப்பில் ஐவர் கிடந்தனர். அவருள் ஒருத்தியின் தாயார் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருந்தவர். அவர் பலநாள் ஆஸ்பத்திரியிற் கிடந்து அரிதிற் பிழைத்தார். அன்று யான் வருந்தினேன். ஆயினும் என் புகழ்ச்சியே அதற்கு ஒரு காரணமென எண்ணினேனில்லை. என் காவல் தளரும் முறை வந்த பின்னரே எண்ணினேன்.

எனவே யான் கேட்கப்போவது உபகாரமன்று. அவ்வம்மையாருக்கு யான் செலுத்தாத கடனையே எனக்குப் பிறர் செலுத்துமாறு கேட்கின்றேன். வலியோரின் உடல்நலம் அவருக்கே உரிய தனிச்சொத்தன்று; பக்கத்து இருக்கையில் உள்ள மெலியோர்க்கு அது மதிலாகும். தன் வலியைப் பொறுத்தல் ஆண்மைதான். தன் நோயைப் பிறர்மேல் ஏற்றுதல் பொறுமையாகாது. இவ்விரண்டினையும் யான் ஒன்றாக்கிக் கற்பித்துவிட்டேன்.

அடுத்த மாதம் எனக்கு முதன்முறை மருந்தேற்றுவர். என் வகுப்புக்கு நோயின் பெயரையும், மருந்தின் இயல்பையும், சென்ற ஆண்டு யான் செய்த பிழையையும் சொல்லிவிட்டேன். தவறாது வருவோர்க்கான பரிசை நிறுத்தக் கேட்டுத் தலைமையாசிரியருக்கும் எழுதியுள்ளேன். ஆசிரிய அன்பர்களே, உங்கள் வகுப்பிலும் சொல்லாது மறைத்திருக்கும் ஒரு பிள்ளையோ, ஒரு தாயோ, ஒரு உடனாசிரியரோ இருத்தல் கூடும். காய்ச்சலுற்ற பிள்ளை வீட்டிலிருந்த நாளை இடாப்பிற் குறிக்கும்போது, அதனைக் குறையென எண்ணாதிருங்கள்; விட்ட பாடத்தை அவன் மீண்டபின் சொல்லிக்கொடுங்கள்.