கோபத்தோடு ஜெபிக்கலாமா?

இந்த வாரம் ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேட்டவர் பாலக்கோடு பக்கம் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு அம்மா. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவரைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை. உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று பார்த்துவரப் போனேன்.

வீட்டை ஒட்டியே தக்காளித் தோட்டம். பழங்கள் செடியிலேயே பழுத்து வெடித்துக் கிடந்தன. பறிக்கவில்லை. மண்டியில் கிடைக்கிற விலை பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு மாடுகள் உள்ளே புகுந்து செடியும் பழமுமாக மேய்ந்துகொண்டிருந்தன. விரட்ட ஆளில்லாமல் அல்ல. மாடாவது தின்னட்டும் என்று அவிழ்த்துவிட்டதே வீட்டுக்காரர்தான். நம் மாவட்டத்தில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் யார்? தக்காளி விலை ஏறினால் ஊரே பேசுகிறது. இறங்கினால் அந்தத் தோட்டத்து வீட்டைத் தவிர வேறெங்கும் பேச்சில்லை.

இதற்கு முன்பே அவர்களுடைய போர்க்கிணறு வற்றிவிட்டது. நகையை அடகு வைத்து இன்னொன்று போட்டார்கள். ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் பறந்தது. டிராக்டர் தண்ணீர் விலைக்கு வாங்கி ஊற்றிக் காப்பாற்றிய செடிதான் இப்போது மாட்டுக்குப் போகிறது. மகன் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விட்டான். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவு திறந்தபடி இருந்தது. உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது.

அந்த அம்மாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோயிலுக்கு வராத காரணம் வேறு. ஜெபிக்கிறேன் என்று வீட்டுக்கு வந்த ஒருவர், “இந்தக் குடும்பத்துல எங்கயோ விசுவாசக் குறைவு இருக்கு, ஆராய்ஞ்சு பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்து இவருக்குக் கோயில் வாசலை மிதிக்கவே கூச்சம். என்னிடம் சொன்னார்: “ராத்திரி ஜெபம் பண்ண உக்காந்தா வாயில வார்த்தையே வரமாட்டேங்குதுங்க சார். கோவந்தான் வருது. எங்கள மட்டும் ஏன் இப்படிப் பண்றன்னு சாமிகிட்டயே சண்டை போடணும் போல இருக்குது. கோவத்தோட ஜெபம் பண்ணலாங்களா? பாவமில்லைங்களா?”

நான் நேராகப் பதில் சொல்லவில்லை. நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. அந்த நாளில் அது திருவிதாங்கூர் சீமை. மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அவருக்கு உத்தியோகம். நல்ல வசதி. அப்படிப்பட்டவர் வீட்டில் அடுத்தடுத்து இழப்பு. கால்நடை செத்தது, விளைச்சல் கெட்டது. மனிதர் இடிந்துபோனார் என்று அவருடைய வரலாற்றில் படிக்கிறோம்.

அவருடைய முகவாட்டத்தைக் கவனித்தவர் ஓர் அயல்நாட்டுக்காரர், டி லனாய். டச்சுப் படையில் வந்து, 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர். தோல்வி, சிறை, பிறந்த மண்ணை விட்ட வாழ்வு, எல்லாம் பட்டவர். அவர் நீலகண்ட பிள்ளையிடம் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார்.

மாடு, ஒட்டகம், பெற்ற பிள்ளைகள் எல்லாம் போய், உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தவர் யோபு. பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்களைப் போல நல்ல நண்பர்கள் உலகத்தில் இல்லை. பிறகு யோபு வாய்விட்டு அழுது, தான் பிறந்த நாளையே சபித்தார். அதைக் கேட்டதும் இவர்களும் வாயைத் திறந்தார்கள். காரியம் கெட்டது. நீ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வருமா என்று மாறி மாறிச் சொன்னார்கள். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளையே வழக்குக்குக் கூப்பிட்டார். 42 அதிகாரமுள்ள அந்தப் புத்தகத்தில் பெரும்பகுதி இந்த வாக்குவாதம்தான். கடைசியில் கடவுள் பேசினார். யோபுவையும் கேள்விமேல் கேள்வி கேட்டு வாயடைக்கச் செய்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய சினம் பாய்ந்தது அந்த நண்பர்கள் மேல். தம்மைப் பற்றி யோபு பேசியதே சரி, நீங்கள் பேசியது சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்த அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, “அந்த நீலகண்டருக்கு மாடெல்லாம் திரும்பக் கெடச்சுதுங்களா?” என்றார்.

யோபுவுக்குப் போனதெல்லாம் இரண்டு மடங்காகக் கிடைத்தது. நீலகண்ட பிள்ளைக்குக் கிடைத்தது கைவிலங்கு. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் பிடித்துச் சிறை வைத்தார்கள். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள், அடித்தார்கள். மூன்று வருடம் இப்படியே போனது, அவர் விசுவாசத்தை விடவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 270 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 மே 15 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் சாமியாரோ துறவியோ அல்ல. மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர்.

“அப்பறம் எதுக்குங்க சார் அவரு கடைசி வரைக்கும் விடாம இருந்தாரு?” என்றார் அம்மா.

“மாட்டுக்காக நம்பியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பாரும்மா. அடிபடற எடத்துல ஆண்டவர் கூட இருக்காருன்னு அவருக்குத் தெரிஞ்சுது. அதான் விடல” என்றேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “அப்ப நான் சண்டை போடலாங்க” என்றார். தாராளமாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேயர்களே, கேட்க ஆளில்லாத இடத்தில் யாரும் சண்டை போடுவதில்லை. கடவுளிடம் கோபித்துக்கொள்கிறவர் அவர் இருக்கிறார், கேட்கிறார் என்று நம்புகிறார். விவிலியத்தில் 88ஆம் திருப்பாடலைப் படித்துப் பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை புலம்பல், முடிவதும் இருட்டில்தான். ஆறுதலாக ஒரு வரிகூட அதன் கடைசியில் இல்லை. அதையும் ஜெபம் என்றுதான் முன்னோர் வைத்திருக்கிறார்கள். மாற்கு நற்செய்தியில் நோயாளி மகனைக் கூட்டிவந்த தகப்பன், நம்புகிறேன் என்றும் சொன்னான், என் நம்பிக்கையின்மை தீர உதவும் என்றும் அதே மூச்சில் கெஞ்சினான். முதலில் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அரைகுறை நம்பிக்கையோடு வந்த அவனுடைய பிள்ளையைக் குணமாக்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. ‘இரட்டிப்பான ஆசீர்வாதம்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். யோபுவின் கடைசி அதிகாரத்தை மட்டும் கிழித்தெடுத்து ஊரெல்லாம் விற்கிறோம். நடுவில் உள்ள அதிகாரங்களில் உட்கார்ந்திருக்கிற மனிதர்களைப் பார்த்தால், விசுவாசம் போதவில்லை என்று கணக்குக் கேட்கிறோம். போர் வற்றியது விசுவாசக் குறைவால் அல்ல. மழை குறைந்து, நிலத்தடி நீர் இறங்கியதால் வற்றியது. தக்காளி விலை விழுந்தது வீட்டில் ஜெபம் குறைந்ததால் அல்ல. ஒரே சமயத்தில் எல்லா ஊர்த் தக்காளியும் மண்டிக்கு வந்ததால் விழுந்தது. நொந்தவர் தலையில் இன்னொரு சுமையைத் தூக்கி வைப்பது ஊழியம் ஆகாது. அப்படிப் பேசியவர்களைக் கடவுள் என்ன சொன்னார் என்று எழுதியே வைத்திருக்கிறது.

இருட்டில் இருக்கிறவர் நீங்களாக இருந்தால், அழகான வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வருகிற வார்த்தையைச் சொல்லுங்கள். வராவிட்டால் சும்மா உட்காருங்கள். கோயிலுக்கும் வாருங்கள், நெஞ்சு சரியானவர்களுக்கு மட்டும் கட்டிய இடம் அல்ல அது.

நீங்கள் அப்படி ஒரு வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால், இன்று சாயங்காலம் போய் வாருங்கள். அறிவுரை வேண்டாம். கடன் தவணை எப்போது என்று கேளுங்கள், மகனிடமிருந்து போன் வந்ததா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு டிராக்டர் தண்ணீருக்குப் பணம் கொடுங்கள். எங்கள் அன்பியத்தில் வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோருமாக அந்தத் தோட்டத்துக்குப் போகிறோம்.