வாசலுக்கு எதிரே ஒரு மலை

லீவு விட்டால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் டிக்கெட் தேடுகிறோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை. இத்தனை வருஷம் மொட்டை மாடியில் நின்று பார்த்ததோடு சரி. போன மாதம்தான் ஏறினேன்.

வெள்ளிமலை போகும் வழியில் ஒரு கூரை வீடு. பெயர்ப் பலகை இல்லை, திண்ணைதான் கடை. மண் சுவர், சாணம் மெழுகிய தரை, குனிந்து நுழைய வேண்டிய வாசல். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே பானைத் தண்ணீர் போலக் குளிர்ச்சி. நகரத்தில் ஏசி போட்டும் எனக்கு இப்படி ஒரு மதியம் வாய்த்ததில்லை.

சாமைச் சோறும் கீரைக் கடைசலும் வைத்தார் அந்த வீட்டு அம்மா. "கல்லு இருக்குமோன்னு பயப்படாத கண்ணு, மூணு தடவ அரிச்சிருக்கேன்." சாமை எளிதில் உமி விடாத தானியம். குத்தி, புடைத்து, அரித்து உலையில் போடுவதற்குள் தோள் கழன்றுவிடும். அரிசி மலிந்த பிறகும் இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் அதை விடாமல் விதைக்கிறார்கள். அதற்காகவே அந்தச் சோற்றைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சாப்பிடலாம்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்தத் திண்ணைக்கு அப்படி எந்தச் சான்றிதழும் இல்லை. கிளம்பும்போது ஒரு பிடி கடுக்காயை முந்தானையிலிருந்து எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "அடுத்த தடவ வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வா."