விலைச்சீட்டு கழற்றாத பொருள்கள்

1896ஆம் ஆண்டு, லண்டனின் பெரிய ஓட்டல் ஒன்றில் தங்கியிருந்த ஓர் அமெரிக்கத் தம்பதியின் பெட்டிகளைப் போலீசார் திறந்து பார்த்தார்கள். கணவர் சான் பிரான்சிஸ்கோவில் செல்வாக்கான வணிகர். பெட்டிகளுக்குள் விலையுயர்ந்த மென்மயிர் ஆடைகள், ஆமையோட்டுச் சீப்புகள், கைக்கண்ணாடிகள், விசிறிகள் என்று ஒரே பொருளே பலவாகக் கிடந்தன. சிலவற்றில் கடைக்காரன் கட்டிய விலைச்சீட்டுகூட அப்படியே இருந்தது. மனைவி திருமதி காசில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. மருத்துவர்கள் அவர் நோயாளி என்று சொன்னதால் உள்துறை அமைச்சர் சீக்கிரமே அவரை விடுவித்துவிட்டார். ஓர் ஏழைப் பெண் ஒரு சீப்பை எடுத்திருந்தால் அவளுக்கு எந்த மருத்துவர் சாட்சி சொல்ல வந்திருப்பார் என்பது நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். முதலில் அந்த விலைச்சீட்டு. அணிய ஆசைப்பட்டு எடுத்தவர் அதைக் கழற்றியிருப்பார். விற்று மறைக்க நினைத்தவர் கழற்றி எறிந்திருப்பார். சீட்டோடு கிடக்கும் பொருளின் வேலை, கடை வாசலைத் தாண்டியபோதே முடிந்துவிட்டது. அப்படியானால் அவர் எடுத்தது எதை?

திருடுவதையும் ஏமாற்றுவதையும் நாம் பெரும்பாலும் ஆசையைக் கொண்டே விளக்கப் பார்க்கிறோம். ஒருவனுக்கு ஒன்று வேண்டும், கிடைக்கவில்லை, எடுத்துக்கொண்டான். பசியால் எடுப்பவனுக்கும், தொழிலாகவே செய்பவனுக்கும் இது பொருந்தும். அவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. கையில் காசிருந்தும் கை நீளுகிறவர்களுக்கு இது பொருந்துவதில்லை. அவர்களை இயக்குவது பொருளின் மேலுள்ள ஆசையைவிட, யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைச் சுமப்பதுதான் என்று நினைக்கிறேன். இந்த எண்ணத்துக்கு நம் மொழியிலேயே இடமிருக்கிறது. கள்வன் பொருளை எடுக்கிறவன். ஆனால் கள்ளக் கணக்கு, கள்ள நோட்டு, கள்ளச் சிரிப்பு எல்லாம் மறைப்பையும் பொய்யையும் சொல்கின்றன. பெற்றோர் அறியாத காதலுக்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயரும் களவுதான். வள்ளுவரின் கள்ளாமை அதிகாரம் கூடாவொழுக்கத்துக்கும் வாய்மைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வேடம், திருட்டு, உண்மை என்று வரிசை போகிறது. களவின் மீதுள்ள பற்றை அவர் காதல் என்றே சொல்கிறார் என்பதும் கவனிக்க வேண்டியது.

காசிருந்தும் திருடும் இந்த நோய்க்கு மருத்துவம் பெயர் வைத்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1816இல் ஆந்த்ரே மத்தே என்ற ஸ்விஸ் மருத்துவர், தேவையே இல்லாமல் திருடத் தூண்டும் ஒரு தனிப் பித்தைப் பற்றி எழுதினார். பிறகு வந்த பிரெஞ்சு மருத்துவர்கள் அதைக் கிளெப்டோமேனியா ஆக்கினார்கள். ஆனால் இந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது பாரிஸின் பெருங்கடைகளால். 1852இல் அரிஸ்தீத் பூசிகோ 'போன் மார்ஷே' கடையில் பங்குதாரராகி அதை மாற்றத் தொடங்கியபோது, கடை என்பதன் பொருளே மாறியது. அதுவரை சரக்கு கடைக்காரனுக்குப் பின்னால் இருந்தது. கேட்க வேண்டும், பேரம் பேச வேண்டும், எடுத்துக் காட்டுவான். இப்போது யாரும் உள்ளே வரலாம், எதையும் தொட்டுப் பார்க்கலாம், வாங்காமலும் போகலாம், விலையைச் சீட்டே சொல்லும். 1883இல் எமில் ஸோலா ஒரு முழு நாவலையே இத்தகைய கடையை வைத்து எழுதினார். அதில் திருடும் சீமாட்டியும் உண்டு. ஆசையைக் கிளறுவதற்கென்றே கட்டப்பட்ட இடத்தில் வசதியான பெண்கள் திருடி மாட்டியபோது, மருத்துவர்கள் மாதவிலக்கையும் கருப்பையையும் காரணம் காட்டினார்கள். அபத்தம். கடைக்காரருக்கும் வாடிக்கையாளரின் குடும்பத்துக்கும் வழக்கு வேண்டாம். நோய் என்ற சொல் இருவருக்கும் வசதியாக இருந்தது. சீமாட்டி எடுத்தால் நோய், வேலைக்காரி எடுத்தால் திருட்டு. இந்த வரலாற்றைப் படிக்கிற எவரும், கிளெப்டோமேனியா என்பதே பணக்காரர்களுக்குக் கண்டுபிடித்த சாக்கு என்று முடிவுகட்டினால் கோபித்துக்கொள்ள முடியாது.

ஆனால் ஒரு சொல்லைத் தவறாகப் பயன்படுத்தியதால் அது குறிக்கும் பொருள் இல்லாமல் போய்விடுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடே இதில் தடுமாறியது. 1968 பதிப்பில் இந்த நோய் காணாமல் போய், 1980 பதிப்பில் திரும்பி வந்தது. இப்போதைய வரையறை கறாரானது: தேவையோ விலையோ காரணமாக இல்லாத பொருளை எடுக்கும் உந்துதலைத் திரும்பத் திரும்ப அடக்க முடியாமை, எடுப்பதற்குச் சற்று முன் ஏறும் இறுக்கம், எடுக்கும்போது நிம்மதி. கோபத்துக்கோ பழிக்கோ எடுத்தால் இது ஆகாது. மக்கள்தொகையில் 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே இது இருக்கிறது என்று 2013ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது. கடைத்திருட்டில் பிடிபடுகிறவர்களிலும் இவர்கள் சிறுபான்மை. பிடிபடுகிற எல்லோரும் இந்தக் குடைக்குள் ஒதுங்க முடியாது. 2009இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், குடிப்பழக்கத்துக்குத் தரும் நால்ட்ரெக்ஸோன் மருந்தை 25 பேரிடம் 8 வாரம் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு உந்துதல் ஓய்ந்தது; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் மிகச் சிலருக்கே ஓய்ந்தது. சிறிய சோதனைதான். ஆனாலும் வெறும் நடிப்பு என்றால் மாத்திரைக்கு இப்படி அடங்காது.

உந்துதலுக்கு உடல் காரணம் இருக்கிறது என்றால் மறைப்பை எங்கே வைப்பது? இதற்கு எனக்குப் பெரிய வெளிச்சம் வந்தது வேறொரு திசையிலிருந்து. டொனால்ட் கிரெஸி என்ற அமெரிக்கக் குற்றவியலாளர், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடியதற்காகச் சிறையில் இருந்தவர்களை நேரில் சந்தித்துப் பேசி, 1953இல் ஒரு நூல் எழுதினார். பலர் நீண்ட காலம் நாணயமாக இருந்த கணக்கர்கள், அதிகாரிகள். எதனால் தொடங்கினார்கள்? கடன், சூதாட்டம், தொழிலில் நட்டம் என்று காரணங்கள் பலவிதம். எல்லோருக்கும் பொதுவாக அவர் கண்டது, பகிர்ந்துகொள்ள முடியாததென்று அவர்கள் நினைத்த ஒரு சிக்கல். சிக்கலின் அளவு முக்கியமில்லை. மனைவியிடமோ முதலாளியிடமோ அதைச் சொன்னால் தன் முகம் போய்விடும் என்ற நினைப்புதான் முக்கியம். அந்த முடிச்சோடு, கடனாகத்தான் எடுக்கிறேன், அடுத்த மாதம் வைத்துவிடுவேன் என்ற வாசகமும் சேர்ந்தால் பெட்டி திறந்துவிடுகிறது. கையாடலில் ரகசியம் முதலில் வருகிறது, திருட்டு பின்னால் வருகிறது. கிளெப்டோமேனியாவில் திருட்டு முதலில் வந்து ரகசியத்தைப் பெறுகிறது. வெட்கம் இறுக்கத்தைக் கூட்டுகிறது. இறுக்கம் தணிய மறுபடி கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. நுழைவாசல் வேறு, உள்ளே அறை ஒன்று. போர்க்காலத்தில் வீட்டிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்த குழந்தைநல மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், திருடும் குழந்தை தேடுவது அந்தப் பொருளை அல்ல, தான் உரிமை கொண்டாட வேண்டிய தாயை என்று 1956இல் வாதாடினார். வாய் திறந்து கேட்க முடியாததைக் கை கேட்கிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

சிறைக்குள் இருப்பவன் சொல்வதையெல்லாம் நம்பலாமா, தன்னை நல்லவனாகக் காட்டத்தானே பார்ப்பான் என்று கேட்கலாம். கேட்க வேண்டும். பொய் பற்றிய ஆராய்ச்சியே பொய்யில் விழுந்த கதை உண்டு: படிவத்தின் தலைப்பிலேயே கையெழுத்து வாங்கினால் மக்கள் நேர்மையாக இருப்பார்கள் என்று சொன்ன 2012ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அதன் தரவுகள் புனையப்பட்டவை என்று தெரிந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கிரெஸியின் கைதிகள் சொன்னது அவர்களுக்குப் பெருமை தருவதல்ல. கோழையாக இருந்தேன் என்பதைத்தான் அவர்கள் சுற்றிவளைத்துச் சொன்னார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு பேராசை. பெர்னார்ட் மேடாஃப் 2008இல் பிடிபட்டபோது அவருடைய கணக்குச் சீட்டுகளில் மட்டும் இருந்த தொகை சுமார் 6,500 கோடி டாலர். அவருக்கு என்ன சொல்ல முடியாத சிக்கல்? அவர் மனம் எனக்குத் தெரியாது. பேராசைதான் தொடக்கம் என்று வைத்துக்கொண்டாலும், நாஸ்டாக் பங்குச்சந்தையின் தலைவராகவே இருந்த மனிதர் பேராசை நிறைந்த பின்பும் ஏன் நிறுத்தவில்லை என்பது மிஞ்சி நிற்கிறது. நிறுத்துவதென்றால் சொல்ல வேண்டும். சொல்லாமல் நகர்த்துவது நாளுக்கு நாள் எளிதாகவும் ஆகிறது. 2016இல் லண்டனில் நடந்த மூளைப்பட ஆய்வில், தன்னலத்துக்காகப் பொய் சொல்லும்போது உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி காட்டும் அதிர்வு ஒவ்வொரு முறையும் குறைந்தது. எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு அடுத்த பொய் பெரிதானது. பொய் பழகிப்போகிறது என்று பாட்டிமார் சொன்னதற்குப் படம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் போதுமே, மருந்து எதற்கு என்பார்கள். இதில் பாதி உண்மை. மேரி ஓவன் கேமரன் சிகாகோவின் பெருங்கடைத் திருட்டுகளை ஆராய்ந்து 1964இல் வெளியிட்ட நூலில், மாட்டிக்கொண்ட சாதாரணக் குடும்பத்தினர் பெரும்பாலும் மறுபடி மாட்டவில்லை என்று காட்டினார். தங்களைத் திருடர்களாக அவர்கள் நினைத்ததே இல்லை. அந்தச் சொல்லை இன்னொருவர் முகத்துக்கு நேரே சொன்னபோது எல்லாம் நின்றுவிட்டது. உந்துதல் உள்ளவர்களுக்கு இது பலிப்பதில்லை. பலமுறை பிடிபட்ட பிறகும் அவர்கள் எடுக்கிறார்கள். பிடிபடுவது வேறு, சொல்வது வேறு. அவர்களிடம் உந்துதலுக்கு நான் பொறுப்புக் கேட்கமாட்டேன், அது வந்துவிடுகிறது. அதைக் கணவனிடமிருந்து, மருத்துவரிடமிருந்து ஆண்டுக்கணக்கில் மறைப்பதற்குக் கேட்பேன். அதிலும் வீட்டாருக்குப் பங்கு உண்டு.

நம் சட்டத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடம் குறைவு. செய்வது தவறென்று அறிய முடியாத மனநிலைக்குத்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு விலக்கு தருகிறது. தவறென்று நன்றாகத் தெரிந்தே தவிக்கிறவருக்கு அது உதவாது. உதவக் கூடாது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 303ஆம் பிரிவைப் பாருங்கள். 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடித் தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை போதும். இரண்டாம் முறை என்றால் குறைந்தது ஓராண்டுக் கடுங்காவல். திரும்பத் திரும்பச் செய்வதையே இலக்கணமாகக் கொண்ட நோய்க்கு இந்தக் கருணை ஒரே தடவைதான். அதனாலேயே பல குடும்பங்கள் காவல் நிலையம் வரை விடுவதில்லை. அப்பா கடைக்கு ஓடிப்போய்ப் பணத்தைக் கட்டி, கும்பிட்டு, சிசிடிவி பதிவை அழிக்கச் சொல்லிவிட்டு வருகிறார். மனநல மருத்துவரிடம் போனால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று ஒரு பேச்சு எழுந்து, அன்றிரவே அடங்குகிறது. அலமாரியில் விலைச்சீட்டோடு கிடக்கும் மற்றப் பொருள்களைப் பற்றி அந்த வீட்டில் அதன்பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.