வண்டி வராத வழி

சைக்கிளில் ஊர் சுற்றுகிற பழக்கம் படித்தவர்களிடையே மறுபடியும் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் தபால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவும் சைக்கிளில்தான் போனார்கள். கொஞ்சம் வசதி வந்ததும் அதைத் திண்ணை ஓரத்தில் சாய்த்துவிட்டு மோட்டாருக்கு மாறினார்கள். இப்போது வசதி இன்னும் கொஞ்சம் கூடியதும், மோட்டாரை வீட்டில் நிறுத்திவிட்டுச் சைக்கிளை எடுக்கிறார்கள். அன்று இல்லாமையால் ஏறினார்கள்; இன்று இருப்பதால் ஏறுகிறார்கள். வாகனம் ஒன்றுதான், ஏறுகிற மனசுதான் வேறு.

இந்தப் புதுச் சைக்கிள்காரர்கள் முதலில் விசாரிப்பது, "வண்டி வராத வழி எது?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற நான்கு வழிச் சாலையில், பெரம்பலூர் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதன் நியாயம் தெரியும். பக்கத்தில் ஒரு பஸ் கடந்து போனால், அந்தக் காற்றே ஆளைத் தள்ளிவிடும்.

திருச்சியில் என் நண்பர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இதற்கென்றே ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறார். பெரிய சாலையை விட்டு விலகி மேற்கே திரும்பினால் பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. பெரம்பலூர், திருச்சி, சேலம் என்று மூன்று மாவட்டங்களிலும் கால் வைத்துக்கொண்டு நிற்கிறது. உயரமும் பயமுறுத்துகிற உயரம் அல்ல. ஏறக்குறைய ஆயிரம் மீட்டருக்குள் அடங்கிவிடும். லாடபுரம், மலையாளப்பட்டி, அரும்பாவூர் என்று அடிவாரத்தை ஒட்டிய ஊர்களுக்குச் சின்னச் சின்னச் சாலைகள். அந்தப் பக்கம் துறையூரை அடுத்த சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறுகிற மலைச்சாலை. கீழே சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். மேலே மரவள்ளி, பலா. மழைக்காலமானால் மயிலூற்று அருவியிலும் கோரையாற்று அருவியிலும் தண்ணீர் விழும். நண்பர் சொல்லிக்கொண்டே வந்தால், கேட்கிறவர் கால் தானாகவே பெடலைத் தேடும்.

எல்லாம் சொல்லிவிட்டு அவர் கடைசியாக ஒன்று சொல்லுவார்: "இந்தப் பக்கம் மட்டும் பஸ்ஸும் காரும் அதிகம் வராமல் இருக்க வேண்டும், ஸார். வந்தால் கெட்டுப் போய்விடும்."

இந்தப் பிரார்த்தனையைத்தான் நான் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். ஒரு சாலை காலியாகவே இருக்கட்டும் என்று ஆசைப்பட ஒருவருக்கு உரிமை உண்டா?

காலிச் சாலை என்று நாம் சொல்லுவதே பாதி பொய். மக்காச்சோளம் அறுத்த நாட்களில் சாலையில் ஒரு பாதி களமாகிவிடுகிறது. கதிர் காய்கிறது, பெண்கள் காலால் கிளறிவிட்டுப் போகிறார்கள். இன்னொரு பாதியில் ஆடு படுத்திருக்கிறது. புளியமரத்தடியில் மடியில் பையை வைத்துக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். சைக்கிளில் போகிறவர் கண்ணுக்கு வண்டி இல்லாதது தெரிகிறது. வண்டிக்காகக் காத்திருப்பவள் தெரிவதில்லை. அவருக்கு அந்த நிசப்தத்தின் பெயர் அமைதி. அவளுக்கு அதன் பெயர் அத்துவானம். சாலை ஒன்று, மௌனம் ஒன்று. பெயர் மட்டும் இரண்டு. போய்விட்டு வருகிறவர் ஒரு பெயர் வைக்கிறார், அங்கேயே இருக்கிறவள் இன்னொரு பெயர் வைக்கிறாள்.

2021-ஆம் ஆண்டில் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் டிக்கெட் இனாம் என்றால் போதுமா? பஸ் வர வேண்டுமே! பஸ் வராத ஊர்க்காரிக்கு அந்த இனாம், அடுப்பில்லாத வீட்டில் வந்து இறங்கிய அரிசி மூட்டை மாதிரிதான். தமிழ்நாட்டு மலைக் கிராமங்கள் சிலவற்றிலிருந்து, கர்ப்பிணிகளைத் தூளி கட்டித் தூக்கி வந்ததாக இன்றைக்கும் பத்திரிகையில் செய்தி வருகிறது. தூளியைத் தோளில் தாங்கி இறங்குகிறவனிடம் போய், வண்டி வராத வழியின் அழகைப் பற்றி நாம் பேச முடியுமா?

நம் முன்னோர்கள் சாலையைத் தருமமாக நினைத்தார்கள். மரம் வைத்தார்கள், தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள், சத்திரம் கட்டினார்கள். பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று இன்னும் சில இடங்களில் நிற்கிறது. தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவி இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கு, ஆள் உயரத்தில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். பிள்ளை பெறாமலே இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாக அந்தக் கல்லை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, இருக்கிறவர்களின் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்! சாலையை யாருடைய கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உபதேசம் எனக்குத் தெரியவில்லை. வேடிக்கை பார்க்கிறவன் கண்ணால் அல்ல, சுமக்கிறவன் கண்ணால்.

நண்பர் சும்மா இருக்க மாட்டார். "பஸ் வந்தால் பின்னாலேயே லாரி வரும். லாரி வந்தால் மலை போய்விடும். அப்போது உங்கள் கிழவி மட்டும் சுகமாக இருப்பாளா?" என்பார். இதைத் தட்டிவிட முடியாது. பதிலுக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். பெரம்பலூருக்குக் கிழக்கே பக்கத்து மாவட்டமான அரியலூரைப் பார்த்தால் போதும்.

அரியலூர் மண் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்த மண். அந்தக் கடலின் சங்கும் சிப்பியும் இன்றும் அங்கே கல்லாகக் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுப்போன சொத்து, சுண்ணாம்புக்கல். அதை நம்பிச் சிமெண்டு ஆலைகள் வந்தன. ஆலைகளுக்காக லாரிகள் வந்தன. சாலை அகலமாயிற்று. ஆனால் யாருக்கு அகலமாயிற்று? அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு, அந்த அகலத்தில் கிடைப்பது புழுதி படிந்த ஒரு முழ ஓரந்தான். லாரி மோதி உயிர் போயிற்று, ஜனங்கள் மறியல் செய்தார்கள் என்று அந்தப் பக்கத்துச் செய்திகளைப் படிக்கிறோம். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். நாம் சாய்ந்து உட்கார்ந்து படிக்கிற சுவருக்குச் சிமெண்டு எங்கிருந்து வந்தது என்று நினைப்பதில்லை.

ஆக, பச்சைமலையில் வண்டி போதாமல் கஷ்டம்; அரியலூரில் வண்டியால் கஷ்டம். இரண்டு இடத்திலும் கஷ்டப்படுகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள். அப்படியானால் கோளாறு வண்டியில் மட்டும் இல்லை. 'வண்டி' என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவதில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை வந்துபோகிற பஸ், ஒரு மலையின் அழகைக் குலைத்துவிடாது. அது ஐம்பது பேரைச் சுமந்துகொண்டு வந்து, ஐந்து நிமிஷம் புகைவிட்டுப் போய்விடும். இடைவெளியில்லாமல் ஓடுகிற நூறு லாரியும் அந்த ஒரு பஸ்ஸும் ஒன்றல்ல. ஒன்று ஊருக்காக வருகிறது. மற்றது ஊர் வழியாகப் போகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் சேர்த்து வேண்டாம் என்பது ரஸனையாக இருக்கலாம், தர்மமாகாது.

சைக்கிளுக்குப் பேர்போன ஹாலந்து தேசத்தின் கதையும் இதைத்தான் சொல்லுகிறது. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலை விபத்தில் செத்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதையே தங்கள் இயக்கத்துக்குப் பெயராக வைத்தார்கள். இன்று அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதைகள் வலைபோல் விரிந்திருப்பதற்கு அந்தக் கோபம் ஒரு முக்கிய காரணம். உல்லாசப் பிரயாணிகள் இன்று போய் ரஸிக்கிற அந்த அமைதி, ஏழ்மையால் வந்த அமைதியல்ல; ஜனங்கள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய அமைதி.

அவ்வளவு தூரம் போவானேன்? திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டை இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் அங்கே சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கிறவர்களும் விவசாயக் கூலிகளும் அவர்களில் உண்டு. அவர்கள் உலகத்தை விட்டு ஒதுங்கிப் போக ஒரு வழியைத் தேடவில்லை. உலகத்துக்குள்ளே போக வழி தேடினார்கள். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, வேலைக்கு, இன்னொருவர் தயவை எதிர்பாராமல் போய்வரச் சைக்கிளில் ஏறினார்கள். என் நண்பர் வீட்டை மறக்க மிதிக்கிறார். அவர்கள் வீட்டையும் சேர்த்து மிதித்தார்கள்.

நண்பரைக் குறை சொல்லுவது என் நோக்கமல்ல. காற்றையும் மரத்தையும் தேடிக் காலையில் கிளம்புகிற மனிதர் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. புகை விடுவதில்லை, ஹாரன் அடிப்பதில்லை, வழியில் டீக்கடைக்காரருக்கு நாலு காசும் கொடுத்துவிட்டுப் போகிறார். அமைதியை விரும்புவது குற்றமென்றால் நானும் குற்றவாளிதான். ஆனால் ஒரு அமைதியை அனுபவிக்கிறபோது, அதற்கு விலை கொடுக்கிறது யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் கொடுத்தால் அது நம்முடைய சுகம். இன்னொருவர் கொடுத்தால் நாம் கடனாளி. கடனாளி செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு: கடன் என்றைக்கும் தீரக்கூடாது என்று வேண்டிக்கொள்வது.

ஆகையால் நண்பர் தம் பிரார்த்தனையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளட்டும். மலைக்குப் பஸ் வரட்டும். லாரிக்கு நேரமும் வேகமும் தடமும் வகுக்கட்டும். பெரிய சாலையோ சின்னச் சாலையோ, ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு பாதை விடட்டும். அந்தப் பாதை நல்ல பாதைதானா என்று பார்க்க எஞ்சினீயரைக் கூப்பிட வேண்டாம். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, புத்தகப் பையோடு, சாயங்காலம் ஆறு மணிக்கு, தனியாக அதில் சைக்கிள் விட்டுக்கொண்டு வீடு திரும்ப முடிகிறதா என்று பார்த்தால் போதும். அவள் போகிற பாதையில் ஊர் சுற்றுகிறவரும் தாராளமாகப் போகலாம். ஊர் சுற்றுகிறவருக்காக மட்டும் காலியாக வைத்த பாதையில், அவள் இன்னமும் நடந்துதான் போய்க்கொண்டிருப்பாள்.